ஒரு பழைய பாவாடையில் தொடங்கிய அருங்காட்சியகம்

ஸ்வீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில், யூர்கோர்டன் என்ற தீவில், அரண்மனை போல ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அதன் பெயர் நோர்டிஸ்கா அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் மன்னர் குஸ்தாவ் வாஸாவின் பிரம்மாண்டமான சிலை. பார்ப்பவர்கள், ஏதோ ராஜாக்களின் கிரீடமும் வாளும் வைத்திருக்கும் இடம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அங்கே இருக்கும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களில் பெரும்பாலானவை சாதாரண மனிதர்கள் பயன்படுத்தியவை. நாற்காலி, கரண்டி, தொட்டில், போர்வை, சட்டை, தொப்பி...

இத்தனை பெரிய சேகரிப்பு எதிலிருந்து தொடங்கியது தெரியுமா? ஒரு பாவாடையிலிருந்து! அதுவும் ஒரு கிராமத்துப் பெண் கட்டிய பழைய பாவாடை.

அந்தப் பாவாடையின் கதையைப் பின்தொடர்ந்து போனால் ரயில், சாயத் தொழிற்சாலை, பாரீஸ் பொருட்காட்சி, ஹிட்லரின் ஜெர்மனி என்று பல இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. நடுவில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், நம்ம ஊர்க் கடற்கரையும் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1872: ஒரு கோடைக்காலப் பயணம்

ஆர்தர் ஹாஸேலியஸ் 1833-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. மகனுக்குப் பிடித்தது மொழி. உப்ஸாலா பல்கலைக்கழகத்தில் படித்து 1860-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆசிரியராக வேலை பார்த்தார், பாடப்புத்தகங்கள் தொகுத்தார். ஸ்வீடிஷ் மொழியின் எழுத்துக்கூட்டல் முறையைச் சீர்திருத்த வேண்டும் என்று வாதாடிக் கொண்டிருந்தார். துணிமணிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

1872 கோடையில் அவரும் மனைவி ஸோஃபியும் டாலர்னா மாவட்டத்துக்குப் பயணம் போனார்கள். ஸ்டாக்ஹோமுக்கு வடமேற்கே காடும் ஏரியும் நிறைந்த பகுதி அது. ஊருக்கு ஊர் வேறுபடும் அழகான உடைகளுக்குப் பெயர் போனது. ஹாஸேலியஸ் இளவயதிலேயே அந்தப் பக்கம் போயிருக்கிறார். இப்போது போனபோது ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. உடைகள் காணாமல் போய்க் கொண்டிருந்தன. நகரத்தில் கிடைக்கும் துணியும் நகரத்துத் தையலும் கிராமத்துக்குள் வந்துவிட்டன. பழைய பாவாடைகள் பெட்டிக்கு அடியில் போய்விட்டன. கொஞ்ச நாளில் பெட்டியிலும் இருக்காது என்று அவருக்குத் தோன்றியது.

அந்தப் பயணத்தில் ஸ்டூரா டூனா என்ற ஊர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு பாவாடையை விலைக்கு வாங்கினார். அதுதான் முதல் பொருள். அடுத்த ஆண்டே, 1873 அக்டோபரில், ஸ்டாக்ஹோமின் ட்ரோட்னிங்காத்தன் தெருவில் வாடகைக் கட்டடத்தில் தன் சேகரிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஒரே வருடத்தில்! 1874-ல் மனைவி ஸோஃபி இறந்துபோனார். அதன்பின் வாழ்க்கை முழுவதையும் இந்த வேலைக்கே கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம். 1880-ல் சேகரிப்பு முழுவதையும் ஸ்வீடன் மக்களுக்கே நன்கொடையாக எழுதி வைத்தார். அப்போதுதான் நோர்டிஸ்கா அருங்காட்சியகம் என்ற பெயர் வந்தது.

உடையே அடையாள அட்டை

ஒரு பாவாடையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். அந்தக் காலத்து ஸ்வீடன் கிராமத்தில் உடை என்பது உடம்பை மூடுவதற்கு மட்டுமல்ல. அது ஒரு அடையாள அட்டை.

அங்கே ஒவ்வொரு தேவாலயத்தையும் சேர்ந்த கிராமங்கள் ஒரு பங்காக இருந்தன. டாலர்னாவில் பங்குக்குப் பங்கு உடை மாறும். ரேட்விக் பெண்ணின் பாவாடையில் முன்பக்கம் குறுக்குக் கோடு போட்ட துணி தைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்ததும் ரேட்விக் என்று சொல்லிவிடலாம். லெக்ஸாண்ட் பங்கில் இன்னும் நுணுக்கம். தேவாலய நாட்காட்டிப்படி எந்தப் பண்டிகைக்கு எந்த முன்றானை கட்ட வேண்டும் (அதாவது பாவாடையின் மேல் முன்பக்கம் கட்டும் துணி), துக்கத்துக்கு எது, சாதாரண ஞாயிறுக்கு எது என்று கணக்கு உண்டு. தெருவில் போகும் பெண்ணைப் பார்த்தே அன்றைக்கு என்ன நாள் என்று சொல்லிவிடலாம்! கல்யாணமான பெண் தலைமுடியை மூட வேண்டும், ஆகாத பெண் பின்னல் தெரிய விடலாம் என்பது போன்ற வழக்கங்களும் பரவலாக இருந்தன.

ஆக, எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, வீட்டில் சாவு நடந்ததா, வசதி எப்படி என்ற நாலு கேள்விகளுக்கும் வாய் திறக்காமலே பதில் சொல்லிவிடும் உடை அது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இப்படி ஒரு உடை அணிந்திருப்பவர் அந்த ஊரின் கண்ணிலிருந்து தப்பவே முடியாது. தப்பான நாளில் தப்பான முன்றானை கட்டினால் ஊரே பார்க்கும். இன்றைக்குப் பார்ப்பவர்களுக்கு அது அழகு. அன்றைக்கு உடுத்தியவர்களுக்கு அது அழகும் கட்டுப்பாடும் சேர்ந்த ஒன்று.

ஏன் விற்றார்கள்?

ஹாஸேலியஸ் வாங்கினார் என்றால் யாரோ விற்றிருக்கிறார்கள். ஏன் விற்றார்கள்?

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்வீடனில் பொருளாதாரமே தலைகீழாக மாறிக் கொண்டிருந்தது. அதற்கு முன் கிராமத்தில் யார் வேண்டுமானாலும் கடை போட முடியாது. வியாபாரம் நகரத்து வணிகர்களின் உரிமையாக இருந்தது. 1846-ல் தொழிற்குழுக்களின் ஏகபோகம் ஒழிக்கப்பட்டது. நகரத்திலிருந்து தூரத்தில் இருக்கும் கிராமங்களில் கடை திறக்கவும் அனுமதி கிடைத்தது. 1864-ல் முழு வணிகச் சுதந்திரம் வந்தது. கிராமத்துக் கடையில் ஆலைத் துணி கிடைக்க ஆரம்பித்தது. 1862-ல் ஸ்டாக்ஹோமிலிருந்து கோதன்பர்க் வரை ரயில் பாதை முடிந்தது. சரக்கு வேகமாகவும் மலிவாகவும் நகர்ந்தது.

ஒரு பாவாடையை வீட்டில் செய்ய ஆட்டு ரோமம் கத்தரிக்க வேண்டும், சிக்கெடுக்க வேண்டும், நூற்க வேண்டும், சாயம் போட வேண்டும், நெய்ய வேண்டும், தைக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் வேலை. கடையில் காசு கொடுத்தால் அரை மணி நேரத்தில் துணி கையில். எந்தப் பெண்தான் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க மாட்டாள்?

இன்னொரு காரணம் பசி. 1867 முதல் 1869 வரை ஸ்வீடனில் கடுமையான பஞ்சம். ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். 1870-களில் ஸ்வீடனின் மொத்த மக்கள் தொகையே சுமார் 42 லட்சம்தான். பஞ்சத்தையும் பிரிவையும் கண்ட ஊரில், பெட்டிக்குள் இருக்கும் பாட்டியின் பாவாடைக்கு நகரத்து மனிதர் ஒருவர் காசு கொடுக்கிறேன் என்கிறார். விற்றவர்களைக் குறை சொல்ல முடியுமா?

ஒரு பொருள் எல்லார் வீட்டிலும் இருக்கும்வரை அதற்கு அருங்காட்சியகத்தில் இடமில்லை. அரிதாகும்போதுதான் மதிப்பு வருகிறது. ஆலைத் துணிதான் பழைய உடையைக் கொன்றது, அதே ஆலைத் துணிதான் அதை அரும்பொருளாகவும் ஆக்கியது.

மெழுகு பொம்மையா, மனிதனா?

ஹாஸேலியஸிடம் ஒரு புதுமை இருந்தது. அன்றைய அருங்காட்சியகங்களில் பொருட்களை அலமாரியில் வரிசையாக அடுக்கி, சீட்டு ஒட்டி வைப்பார்கள். இவர் அந்த உடைகளை ஆளுயரப் பொம்மைகளுக்கு உடுத்தினார். ஸோடர்மன் என்ற சிற்பி முகங்களையும் கைகளையும் செய்து கொடுத்தார். பொம்மைகளைச் சும்மா நிற்க வைக்காமல், ஒரு வீட்டுக் காட்சி போல அமைத்தார். நாடக மேடை மாதிரி மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் பார்வையாளர்.

அந்தக் காட்சிகளில் புகழ் பெற்றது ஒன்று உண்டு. ஓவியர் அமலியா லிண்ட்கிரென் வரைந்த ஓவியத்தைப் பின்பற்றி அமைத்தது. ரேட்விக் குடும்பம் ஒன்றில் கைக்குழந்தை இறந்து கிடக்கிறது, சுற்றி வீட்டார் நிற்கிறார்கள். பார்வையாளர்கள் உடையைப் பார்க்க வந்து கண் கலங்கிப் போனார்கள்.

1878-ல் பாரீஸ் உலகப் பொருட்காட்சியில் இந்தக் காட்சிகள் வைக்கப்பட்டன. ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் ஓல்சன். அவர் ஊருக்குத் திரும்பி 1885-ல் கோபன்ஹேகனில் டேனிஷ் மக்கள் அருங்காட்சியகத்தைத் திறந்தார். 1889-ல் பெர்லினில் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோவின் முயற்சியில் ஜெர்மன் நாட்டுப்புற உடைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வந்தது. 1894-ல் நார்வேயில் ஹான்ஸ் ஓல் ஒன்றைத் தொடங்கினார். 1895-ல் பிராக் நகரில் செக் மக்களின் வாழ்க்கையைக் காட்டும் பெரிய கண்காட்சி நடந்தது.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். நார்வே அப்போது ஸ்வீடன் மன்னரின் கீழ் இருந்தது, 1905-ல்தான் பிரிந்தது. செக் மக்கள் ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தார்கள். தனி அரசு இல்லாத மக்களுக்கு, "நாங்கள் தனி" என்று சொல்லக் கையில் இருந்தவை மொழியும் பாட்டும் உடையும்தான். ஹாஸேலியஸ் நார்வேயிலும் போய்ப் பொருட்களைச் சேகரித்தார். அவர் மனதில் வட ஐரோப்பா முழுவதும் ஒரே குடும்பம். ஆனால் தங்கள் பொருட்கள் ஸ்டாக்ஹோமுக்குப் போவதைப் பார்த்த நார்வேக்காரர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. பாவாடை அரசியல் ஆகிவிட்டது!

ஹிண்ட்லோப்பன் அறையும் சோழமண்டலத்துச் சீட்டியும்

அதே 1878 பாரீஸ் பொருட்காட்சியில் இன்னொரு காட்சியும் பேசப்பட்டது. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து பகுதியில், கடலோரத்தில் ஹிண்ட்லோப்பன் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் வீட்டு அறை ஒன்றை அப்படியே பாரீஸில் அமைத்திருந்தார்கள். இதில் பார்வையாளர் வெளியே நிற்க வேண்டியதில்லை, அறைக்குள்ளேயே நடந்து போகலாம். முந்தைய ஆண்டு, 1877-ல், ஃப்ரீஸ்லாந்தின் லேவார்டன் நகரில் நடந்த வரலாற்றுக் கண்காட்சியில் இது முதலில் காட்டப்பட்டது. டென்மார்க்கின் ஓல்சனை அதிகம் கவர்ந்ததும் இந்த அறைதான்.

ஹிண்ட்லோப்பன் கடலோடிகளின் ஊர். ஆண்கள் வடகடல்களில் கப்பல் ஓட்டினார்கள், ஆம்ஸ்டர்டாமோடு நெருங்கிய தொடர்பு. கையில் காசு புழங்கியது. பெண்களின் உடையில் முக்கியமானது வென்ட்கெ என்ற நீளமான மேலங்கி. கணுக்கால் வரை வரும், முன்பக்கம் திறந்திருக்கும். பூவும் கொடியும் நிறைந்த பருத்தித் துணியில் தைத்தது. சிவப்புப் பூக்கள் சாதாரண நாட்களுக்கும் விசேஷத்துக்கும். நீலமும் வெள்ளையும் துக்கத்துக்கு. ஃப்ரீஸ்லாந்தின் தனித்தன்மைக்கு அடையாளமாக இன்றைக்கும் காட்டப்படும் உடை இது.

சரி, அந்தத் துணி எங்கே செய்தது?

நெதர்லாந்தில் இல்லை. ஐரோப்பாவிலேயே இல்லை. அது சோழமண்டலக் கடற்கரையில் செய்தது!

1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. இந்தக் கரையிலிருந்து டச்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக ஏற்றியது துணி. முதலில் அதைக் கொண்டுபோய் தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகுக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றினார்கள். பிறகு அதே துணிக்கு ஐரோப்பாவிலும் பெரிய கிராக்கி வந்தது. டச்சு மொழியில் இதற்குப் பெயர் "சிட்ஸ்". இங்கிலீஷில் "சின்ட்ஸ்". நம் பாட்டிமார்கள் சொல்லும் "சீட்டித் துணி" இருக்கிறதே, அதே குடும்பத்துச் சொல்தான்.

அதைச் செய்வது லேசான வேலையில்லை. பருத்தித் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊற வைத்துக் காய வைப்பார்கள். மூங்கில் கலத்தால் கோடு வரைவார்கள். படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் சாயவேரின் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். இந்தச் சாயவேரை இம்பூறல் என்றும் சொல்வார்கள், கடற்கரை மணலில் வளரும் சின்னச் செடியின் வேர். நீலம் வேண்டிய இடம் தவிர மற்ற இடத்தை மெழுகால் மூடிவிட்டு அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். பிறகு அலசி, வெயிலில் காய வைத்து, மறுபடி வரைந்து... துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பைச் செய்யும் வித்தை அன்றைக்கு ஐரோப்பியர்களுக்குத் தெரியாது. அவர்கள் அதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஆக, ஃப்ரீஸ்லாந்தின் "சொந்த" உடைக்குத் துணி கொடுத்தது இந்தியக் கடற்கரையின் சாயக்காரர்கள். 2017-ல் லேவார்டனில் உள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகம் இந்தச் சீட்டித் துணிகளுக்காகவே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. உடுத்திய ஊரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. வரைந்த கையின் பெயர் எந்தத் துணியிலும் இல்லை.

"ஆதிகாலத்து" உடையின் வயது என்ன?

ஹிண்ட்லோப்பன் மட்டும் விதிவிலக்கா? இல்லை. ஸ்வீடன் கிராமங்களில் மேற்கு காட்லாந்திலிருந்து வந்த நடமாடும் வியாபாரிகள் முதுகில் மூட்டை சுமந்து வீடு வீடாக விற்றார்கள். பட்டுக் கைக்குட்டை, அச்சடித்த பருத்தித் துணி, ரிப்பன் என்று எல்லாம் அந்த மூட்டையில் இருந்தன. கிராமத்து உடையில் பளிச்சென்று தெரியும் பாகங்களில் பல இப்படி வெளியிலிருந்து வந்தவைதான்.

டாலர்னாவில் ஃப்ளூடா என்ற பங்கின் உடை இன்னும் நல்ல உதாரணம். பாவாடையிலும் பையிலும் பெரிய பெரிய ரோஜாப் பூக்களைக் கம்பளி நூலால் நெருக்கமாகத் தைத்திருப்பார்கள். பார்த்தவுடன் ஆயிரம் வருடப் பாரம்பரியம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பூ வேலை செழித்தது 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில். ஆலையில் நூற்ற மென்மையான கம்பளி நூல் கடைக்கு வந்த பிறகு! 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் தற்செயலாகக் கண்டுபிடித்த செயற்கைச் சாயம், அடுத்த சில பத்தாண்டுகளில் உலகம் முழுவதும் நிறங்களை மாற்றிவிட்டது. ஃப்ளூடாவின் பளீர் சிவப்பும் ஊதாவும் அந்த வரிசையில் வந்தவை.

அப்படியானால் அது போலியா? இல்லவே இல்லை. புதிய நூல் கிடைத்ததும் அதை வைத்துத் தங்களுக்குப் பிடித்த பூவைத் தைத்தார்கள் ஃப்ளூடா பெண்கள். உயிரோடு இருக்கும் வழக்கம் அப்படித்தான் இருக்கும், கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொள்ளும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அருங்காட்சியகம் ஒரு குறிப்பிட்ட வருடத்தில் வந்து ஒரு பாவாடையை வாங்கிப் பொம்மைக்கு உடுத்தியதும், "இந்த ஊர் உடை என்றால் இதுதான்" என்று ஆகிவிடுகிறது. அதற்கு முந்தைய வருடம் வேறு மாதிரி இருந்திருக்கலாம். அடுத்த வருடம் மாறியிருக்கலாம். ஓடிக் கொண்டிருந்த ஆற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துவிட்டு, இதுதான் ஆறு என்று சொன்ன மாதிரி.

பிறகு புதிதாகவே உடை உருவாக்கும் காலமும் வந்தது. 1903-ல் மார்த்தா யோர்கென்சன் என்ற பெண்மணி, ஸ்வீடன் முழுவதற்கும் பொதுவான ஒரு தேசிய உடையை வடிவமைத்தார். நீலப் பாவாடை, மஞ்சள் முன்றானை, அதாவது கொடியின் நிறங்கள். பல காலம் மறக்கப்பட்டுக் கிடந்த அந்த உடையை 1983 ஜூன் 6, தேசிய தினத்தன்று ராணி சில்வியா அணிந்து வந்தார். அதன்பின் அது பிரபலமானது. நார்வேயிலும் அதே 1903-ல் எழுத்தாளர் ஹுல்டா கார்பர்க் தேசிய உடை பற்றி ஒரு சிறுநூல் எழுதி, பழைய உடைகளைப் புதுப்பித்து அணியும்படி பெண்களைத் தூண்டினார். இன்று மே 17 அன்று நார்வேத் தெருக்களில் நிறைந்திருக்கும் "பூனாத்" உடைகளின் பின்னணி அதுதான்.

1938: உடை யாருக்குச் சொந்தம்?

இந்தக் கதையில் இருண்ட பக்கமும் உண்டு.

1900-ல் மியூனிக் நகரில் யூலியஸ் வாலக், மோரிட்ஸ் வாலக் என்ற யூத சகோதரர்கள் நாட்டுப்புற உடைகளுக்கான கடை ஒன்றைத் தொடங்கினார்கள். ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களின் உடையை நகரத்துப் பெண்கள் விரும்பி அணியும் "டிரண்டில்" உடையாகப் பரப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1910-ல் அக்டோபர் திருவிழாவின் நூற்றாண்டு ஊர்வலத்துக்கு உடைகள் கொடுத்ததும் அவர்கள்தான்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு நாட்டுப்புற உடை "ஜெர்மன் ரத்தத்தின்" சின்னமாக ஆக்கப்பட்டது. 1938 ஜூனில் சால்ஸ்பர்க் நகரக் காவல்துறை ஒரு உத்தரவு போட்டது. டிரண்டில், தோல் கால்சட்டை முதலான மலைநாட்டு உடைகளை யூதர்கள் பொது இடத்தில் அணியக் கூடாது! அதே 1938-ல் வாலக் குடும்பத்திடமிருந்து கடை பறிக்கப்பட்டது. 1939-ல் இன்ஸ்புருக் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தை மையமாகக் கொண்டு, கெர்ட்ரூட் பெசென்டோர்ஃபர் என்பவர் தலைமையில் ஜெர்மன் உடைக்கான அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. பழைய உடைகளை ஆவணப்படுத்தி, அவற்றை நாஜிக் கொள்கைக்கு ஏற்றபடி "புதுப்பிக்கும்" வேலை. அருங்காட்சியகத்தின் அலமாரியிலிருந்தே அதற்கு மாதிரிகள் எடுத்தார்கள்.

ஒரு உடையை ஊரெல்லாம் பரப்பியவர்களே அதை அணியக் கூடாது என்று சட்டம்! "இந்த உடை எங்கள் ரத்தத்தில் ஊறியது" என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்தப் போரிலேயே பெர்லின் அருங்காட்சியகமும் அழிவைச் சந்தித்தது. ஃபிர்கோ காலத்திலிருந்து சேர்த்த சேகரிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது கிழக்கு பெர்லினிலும் மேற்கு பெர்லினிலுமாக இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஜெர்மனி இணைந்த பிறகு 1992-ல் இரண்டும் ஒன்று சேர்ந்தன. 1999-ல் "ஐரோப்பியப் பண்பாடுகள் அருங்காட்சியகம்" என்று பெயர் மாறியது. பெயரில் "ஜெர்மன்" போய் "ஐரோப்பிய" வந்தது, "பண்பாடுகள்" என்ற பன்மையும் வந்தது. நூறு வருடப் பாடம் அந்தப் பெயர் மாற்றத்தில் இருக்கிறது.

அலமாரிக்கு வராத உடைகள்

கடைசியாக ஒரு கேள்வி. அருங்காட்சியகத்தில் இருக்கும் உடைகள் ஏன் எல்லாமே இவ்வளவு அழகாக இருக்கின்றன?

காரணம் எளிது. அழகானவைதான் மிஞ்சின. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் உடுத்தியதைப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். வயலில் வேலை செய்த சட்டை கிழியும். கிழிந்ததை ஒட்டுப் போடுவார்கள். அதுவும் கிழிந்தால் குழந்தைக்கு வெட்டித் தைப்பார்கள். அதுவும் நைந்தால் கந்தலாகக் காகித ஆலைக்குப் போகும். மரக்கூழில் காகிதம் செய்யும் முறை பரவும்வரை ஐரோப்பாவில் காகிதம் செய்யக் கந்தல்தான் மூலப்பொருள். கூலிக்காரனின் சட்டை புத்தகத் தாளாகிவிட்டது. வசதியான விவசாயி வீட்டு மணப்பெண்ணின் பாவாடை அருங்காட்சியகத்துக்கு வந்தது.

இன்னொன்று, யார் யாரைக் காட்டினார்கள் என்பது. ஹாஸேலியஸின் பாரீஸ் காட்சியில், வட ஸ்வீடனின் பூர்வகுடிகளான சாமி மக்கள் கலைமான்களோடு இடம் மாறுவது போன்ற காட்சியும் இருந்தது. 1891-ல் அவர் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து நட்டார். உலகின் பல திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு அது முன்மாதிரி. அங்கே சாமி குடியிருப்பும் இருந்தது, சாமி குடும்பங்கள் நிஜமாகவே வந்து வாழ்ந்து காட்டினார்கள். டாலர்னா விவசாயியைப் பார்த்த ஸ்டாக்ஹோம்காரர் "இது நம் பாட்டன்" என்று நினைத்தார். சாமி மனிதரைப் பார்த்தபோது "இது வேறு யாரோ" என்று நினைத்தார். உடை ஒன்றுதான், பார்க்கும் கண் வேறு.

மிஞ்சியது

ஹாஸேலியஸ் 1901-ல் இறந்தார். ஸ்கான்செனிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நோர்டிஸ்கா அருங்காட்சியகத்தின் பெரிய கட்டடம் 1907-ல்தான் திறக்கப்பட்டது, அவர் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த வாசகம், "உன்னை நீயே அறிந்துகொள்" என்பது.

அவர் செய்தது சரியா தவறா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பாவாடைகள் கந்தலாகியிருக்கும். ஃப்ளூடாவின் பூவில் எந்தச் சாயம், ஹிண்ட்லோப்பன் அங்கியில் எந்தக் கரையின் துணி என்று இன்றைக்குக் கேள்வி கேட்கவே முடிகிறது என்றால், யாரோ ஒருவர் அவற்றைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வைத்ததால்தான். அதே சமயம், காப்பாற்றியவர்கள் சொன்ன கதையை முழுதாக நம்பிவிடவும் முடியாது. அவர்கள் "மண்ணின் உடை" என்றார்கள். துணியோ நாகப்பட்டினம், லண்டன், பெர்லின் என்று ஊர் ஊராகச் சுற்றி வந்திருக்கிறது.

"உன்னை நீயே அறிந்துகொள்" என்ற அந்த வாசகத்தை நம்பி ஒரு பழைய உடையின் தையலைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே தெரிவது நம் முகம் மட்டுமல்ல. எங்கோ ஒரு கடற்கரையில் கடுக்காய்ப் பாலில் துணியை ஊற வைத்துவிட்டு, வெயில் வரக் காத்திருந்த ஒருவரின் முகமும்தான்.